சூளைக்காரர் பதில்கள்: ஸ்டோக் நகரத்துப் பீங்கான்

(விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை பார்த்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

'போன் சைனா' கோப்பையில் நிஜமாகவே எலும்பு இருக்கிறதா? நாங்கள் சைவம். மருமகள் ஒரு செட் வாங்கி வந்திருக்கிறாள். – வாசகி, கும்பகோணம்

இருக்கிறது அம்மா. ஏறத்தாழ பாதிக்குப் பாதி மாட்டெலும்புச் சாம்பல். மீதி வெள்ளைக் களிமண்ணும், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வாலில் கிடைக்கும் ஒரு வகைக் கல்லும். இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பகுதியில் 1790களில் ஜோசையா ஸ்போட் என்பவர் இந்தக் கலவையைச் சரிப்படுத்தினார். அவர் மகன் அதைப் பெரிய வியாபாரமாக்கினார். வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரிவதற்கு அந்தச் சாம்பல்தான் காரணம். எலும்பைச் சுட்டு, அரைத்து, மண்ணோடு சேர்த்து 1,200 டிகிரிக்கு மேல் மறுபடி சுடுகிறார்கள். வேண்டாமென்று தோன்றினால் கண்ணாடி டம்ளருக்கு மாறிவிடுங்கள், அது உங்கள் மனசு.

ஆனால் என்னைக் கேட்டால், அந்தக் கோப்பையில் எலும்பைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. முதல் சூட்டில் போன் சைனா வளைந்துவிடாமல் இருக்க, அதைச் சுற்றிச் சிக்கிமுக்கிக் கல் பொடியை அண்டைகொடுத்து அடுக்குவார்கள். வெந்து வந்ததும் அந்தப் பொடியைத் தூரிகையால் தேய்த்துத் தட்டுவது பெண்களின் வேலை. நாள் முழுக்க அந்தத் தூசியைச் சுவாசித்தார்கள். நுரையீரல் இறுகிப்போகும் சிலிக்கோசிஸ் நோய்க்கு அந்த ஊரில் 'குயவர் அழுகல்' என்றே பெயர். பின்னாளில்தான் கல் பொடிக்குப் பதில் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) பொடி வந்தது. பீங்கான் சரித்திரத்தில் ஸ்போட் பெயர் இருக்கிறது. தூசி தட்டிய பெண்களின் பெயர் எதுவும் இல்லை.

வெள்ளை மண் கார்ன்வாலில் கிடைக்கும்போது, தொழிற்சாலை மட்டும் ஏன் எங்கோ உள்நாட்டில்? – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

நல்ல கேள்வி தம்பி. மண்ணைவிட அதைச் சுடும் நிலக்கரிதான் பல மடங்கு வேண்டும். அந்த நிலக்கரி ஸ்டோக்கில் காலடியிலேயே இருந்தது. அதனால் மண்ணைக் கரியிடம் கொண்டுபோனார்கள். கடல் வழியாக மெர்சி ஆறு வரை கப்பல், அப்புறம் கால்வாயில் படகு. முன்பு குதிரை முதுகில் போன சரக்கில் உடைசல் அதிகம் என்பதால், ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் முதலாளி முன்னின்று அந்தக் கால்வாய்க்காகப் பாடுபட்டார். 1766இல் வெட்டத் தொடங்கி 1777இல் முடிந்தது. டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்ற ஆறு ஊர்கள் 1910இல் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்று ஒன்றாயின.

பாட்டில் மாதிரி இருக்கும் அந்தச் சூளைகளில் எப்படி வேலை செய்தார்கள்? – வாசகர், மானாமதுரை

லாங்டனில் இருக்கும் கிளாட்ஸ்டோன் அருங்காட்சியகத்தில் அந்தச் சூளைக்குள் நின்று பார்த்திருக்கிறேன். வெளியே தெரியும் பாட்டில் வடிவம் புகைக்கும் காற்றிழுப்புக்குமான கூடு. நிஜமான அடுப்பு உள்ளே வட்டமாக இருக்கிறது. கரிப்புகை பாத்திரத்தில் படாதிருக்க 'சாகர்' என்ற தடித்த மண்பெட்டியில் வைத்துத்தான் அடுக்குவார்கள். நிறைந்த பெட்டி 25 கிலோ வரை இருக்கும். தொப்பிக்குள் காலுறையைச் சுருட்டி வைத்து, நம்மூர்ச் சும்மாடு போல, தலையில் சுமந்து ஏணியேறினார்கள். ஒரு சூட்டுக்கு டன் கணக்கில் கரி போகும். சூடு இரண்டு மூன்று நாள், ஆற இரண்டு நாள். முதலாளிக்கு அவசரமென்றால் ஆறும் முன்பே ஈரத்துணி சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டிகளை இறக்க வேண்டும்.

சின்னப் பையன்களும் தப்பவில்லை. தட்டு செய்பவர் ஈரத்தட்டை அச்சோடு எடுத்துக் கொடுக்க, கொதிக்கும் உலர்த்தும் அறைக்கு ஓடி வைத்துவிட்டு, காலி அச்சோடு திரும்பி ஓடிவர வேண்டும். 1841இல் சாமுவேல் ஸ்க்ரிவன் என்ற அதிகாரி இந்தக் குழந்தைகளிடமே பேசி அறிக்கை எழுதினார். அப்படியும் பீங்கான் தொழிலுக்குத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது 1864இல்தான்.

இதையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைப்பது கூலி முறை. சூளையிலிருந்து நல்லபடியாக வந்த உருப்படிக்கு மட்டுமே காசு. வனைந்தவர் ஒழுங்காக வனைந்திருப்பார். நெருப்பு ஒரு பக்கம் ஏறிக் கோணிப்போனால் அவருக்குக் கூலி கிடையாது. சூளை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சூட்டில் வரும் பழுதில் பெரும்பங்கு அடுக்கியதிலும் எரித்ததிலும் இருக்கிறது. அதை வனைந்தவர் தலையில் கட்டுவது அநியாயம். 1836இல் இதை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. இருந்தும் அந்த வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

இப்போதும் அங்கே பீங்கான் செய்கிறார்களா? மகன் பக்கத்தில் படிக்கிறான், போகப்போகிறோம். – தம்பதி, கோவை

செய்கிறார்கள், ஆனால் தேய்ந்துவிட்டது. ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்த பாட்டில் சூளைகளில் ஐம்பதுகூட இப்போது மிஞ்சவில்லை. 1956இன் காற்றுத் தூய்மைச் சட்டமும், எரிவாயு, மின்சாரச் சூளைகளும் கரிச் சூளைகளை நிறுத்தின. அடுத்த தலைமுறை பார்க்கட்டும் என்று 1978இல் ஒன்றைக் கடைசியாக எரித்தார்கள். ஸ்போட் நிறுவனம் 2008இல் நொடித்தது.

நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது பர்ஸ்லம் பக்கம், கால்வாய்க் கரையில் 1889 முதல் நடக்கும் மிடில்போர்ட் தொழிற்சாலை. செம்பு உருளையில் வெட்டிய பூ வேலையை மெல்லிய தாளில் அச்சிட்டு, அதைக் கத்தரித்து, ஒருமுறை சுட்ட கோப்பையில் ஒட்டுகிறார்கள். கைப்பிடி வரும் இடத்தில் பூ அறுபடாமல் தாளைத் திருப்பி ஒட்டும் அந்த விரல்களைக் கவனியுங்கள். அப்புறம் முரட்டுத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துத் தாளைத் தண்ணீரில் கழுவினால் வண்ணம் மட்டும் கோப்பையில் நிற்கும். அதன்மேல்தான் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசுவது. வார நாளில் போங்கள், ஆட்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். அனுமதி நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.