நெற்றி வலித்தால் பெரிய சைஸ் ஹெல்மெட் வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தினமும் கெப்சாய் என்ற சின்ன மோட்டாரில் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறேன். புதிதாக வாங்கிய எம் சைஸ் ஹெல்மெட் அரை மணி நேரத்தில் நெற்றியை வலிக்க வைக்கிறது. கடைக்காரர் எல் சைஸ் எடுக்கச் சொல்கிறார். அதைப் போட்டால் வலி இல்லை, ஆனால் பெரிய லாரி எதிரே கடக்கும்போது ஆடுகிறது. எனக்கு நீளமான முடி, கொண்டை போடுவேன். என்ன செய்யலாம் அண்ணே? பழைய ஹெல்மெட்டை ஒன்பது வயது மகனுக்குக் கொடுக்கலாமா?

பதில்: எல் சைஸ் வேண்டாம் தங்கச்சி. எம் சைஸையும் இப்போதே குறை சொல்ல வேண்டாம். முதலில் கொண்டையை அவிழ்த்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

கொண்டை ஹெல்மெட்டுக்குள் மாட்டிக்கொண்டால் அது பின்பக்கப் பஞ்சைத் தள்ளும். தலை முன்னால் நகர்ந்து நெற்றி போய் அழுத்தும். வலி முன்னால் தெரிந்தாலும் காரணம் பின்னால் இருக்கும். முடியைப் பின்னிக் கழுத்துக்குக் கீழே தொங்க விடுங்கள், அல்லது ஹெல்மெட்டின் விளிம்புக்குக் கீழே தாழ்வாகக் கட்டுங்கள். பின்னலை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டால் காற்றில் சிக்காது.

அப்படியும் வலித்தால், அளவு சரியாக இருந்தும் வடிவம் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். கடைகளில் இதை யாரும் கேட்பதே இல்லை என்பது என் மனக்குறை. மேலிருந்து பார்த்தால் சிலர் தலை நீள்வட்டம், சிலருடையது கிட்டத்தட்ட வட்டம். நீளமான தலை வட்டமான ஹெல்மெட்டுக்குள் போனால் நெற்றியும் பின்மண்டையும் அழுத்தப்படும், காதுக்கு மேலே இடம் காலியாக இருக்கும். வட்டமான தலை நீளமான ஹெல்மெட்டுக்குள் போனால் நெற்றிப்பொட்டு இரண்டும் வலிக்கும். இதற்குப் பெரிய சைஸ் எடுப்பது, அகலம் பத்தாத சப்பாத்துக்கு நீளமான சப்பாத்து வாங்குவது போலத்தான். வலி போகும், பிடிப்பும் சேர்ந்து போகும். அதே எம் சைஸில் வேறு பிராண்டு, வேறு மாடல் போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை நுரையை மட்டும் யார் சொன்னாலும் சுரண்டாதீர்கள். விழும்போது அது நசுங்கித்தான் அடியை வாங்குகிறது.

கடைக்குப் போகும்போது தையல் டேப் ஒன்று கொண்டுபோங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலம் விட்டு, பின்மண்டையின் புடைப்பான இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். பெரும்பாலும் 57, 58 செ.மீ. என்றால் எம், 59, 60 என்றால் எல். ஆனால் பிராண்டுக்குப் பிராண்டு மாறும், அதனால் பெட்டியில் உள்ள அட்டவணையைப் பாருங்கள்.

போட்டதும் கன்னம் இரண்டும் லேசாக உள்ளே அமுங்க வேண்டும். புதிதில் இறுக்கமாகத் தெரியும், கன்னப் பஞ்சு சில வாரத்தில் இளகும். நெற்றியில் ஒரே இடத்தில் குத்துவது அப்படி இளகிச் சரியாவதில்லை. வாரைப் பூட்டி, இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் நகர வேண்டும். அப்புறம் பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே, முன்னால் தள்ளுங்கள். கழன்று வந்தால் அங்கேயே திருப்பி வைத்துவிடுங்கள். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் நுழைந்தால் போதும். கடைசியாக, கழற்றாமல் ஒரு கால் மணி நேரம் கடையிலேயே நில்லுங்கள். தவ்கே முறைத்தாலும் பரவாயில்லை. கழற்றிக் கண்ணாடியில் பார்க்கும்போது நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்த தழும்பு இருந்தால் அது உங்களுக்கு ஆகாது.

மலேசியாவில் ஹெல்மெட் 1973 முதல் கட்டாயம். தரத்தைச் சோதித்துச் சான்று தரும் சிரிம் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், நூறு வெள்ளிக்குள்ளேயே கிடைக்கும். முத்திரை தரத்துக்குத்தான் சாட்சி, உங்கள் தலைக்குப் பொருந்துகிறதா என்று அது சொல்லாது. முகம் முழுக்க மூடும் வகை தாடையையும் காக்கும், ஆனால் கனம் கூடுதல், மதிய வெயிலில் புழுக்கமும் உண்டு. லாரி ஓடும் பெருஞ்சாலையில் தினமும் போகிறவருக்கு நான் அதையே சொல்வேன். மழையில் மூச்சு படிந்து ஹெல்மெட்டின் முன்கண்ணாடி மங்கினால் ஒரு கோடு அளவு திறந்து வையுங்கள். வேலை முடிந்து இருட்டில் திரும்புவதாக இருந்தால் கறுப்புக் கண்ணாடி கூடாது.

வேர்வையும் எண்ணெயும் ஏறிய பஞ்சு கெட்டியாகி, பழைய ஹெல்மெட்டும் புதிதாக வலிக்க ஆரம்பிக்கும். கழற்றக்கூடிய பஞ்சு என்றால் ஷாம்பு கலந்த தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். தின்னர், பெட்ரோல் தொட்டுத் துடைக்கவே கூடாது. மோட்டாரின் கண்ணாடிக் கம்பியில் தொங்கவிடும் பழக்கத்தையும் விடுங்கள், உள்நுரை குழியாகும்.

மகனுக்குப் பழையது வேண்டாம். பெரியவர் ஹெல்மெட் அவன் தலையில் கவிழ்ந்து கண்ணை மறைக்கும், இடித்தால் கழன்றும் போகும். அது ஒருமுறை பலமாக அடிபட்டிருந்தால் யாருக்குமே ஆகாது. பிள்ளைகளுக்கென்று சிறிய அளவுகள் வருகின்றன. அவனையும் கடைக்குக் கூட்டிப்போய் அதே டேப்பால் அளந்து, வாரைப் பூட்டித் தள்ளிப் பார்த்து வாங்குங்கள். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் கூட்டி எடுக்காதீர்கள்.