உறுத்தாமல் ஒரு படம்: மலை ஊரில் ரேஞ்ச்ஃபைண்டர், கேள்வி பதில்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் தெருக்களில் முன்பின் தெரியாதவர்களை, அவர்கள் தம் வேலையில் இருக்கும்போதே சின்ன ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் (வ்யூஃபைண்டரில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்று சேர்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா) எடுப்பது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, பழைய ரேஞ்ச்ஃபைண்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கேனனெட், யாஷிகா எலக்ட்ரோ, ஒலிம்பஸ் எக்ஸ்ஏ மூணுமே கிடைக்குது. மார்க்கெட்ல ஆளுங்கள எடுக்க எது சரி?

கேனனெட் கியூஎல்17 ஜி3 வாங்குங்கள். 1972-இல் வந்தது. 40 மி.மீ. லென்ஸ், முழுத் திறப்பு எஃப் 1.7 (எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சிறுக்கும்). ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தம் மிகக் குறைவு. காய்கறிக் கடை இரைச்சலில் உங்களுக்கே கேட்காது. பேட்டரி செத்தாலும் எல்லா ஷட்டர் வேகமும் வேலை செய்யும். மலையில் இது பெரிய விஷயம். ஒரு குறை: மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் கருவி) ஆட்டோவில் மட்டும்தான் ஓடும். கையால் அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) வைத்தால் வெளிச்சத்தை நீங்களேதான் கணிக்க வேண்டும். ஆட்டோவில் வெளிச்சம் எல்லைக்கு வெளியே போனால் ஷட்டர் பூட்டிக்கொள்ளும். கேமரா கெட்டுவிட்டது என்று பலரும் பயப்படுவது இதைப் பார்த்துத்தான்.

எலக்ட்ரோ 35-இன் லென்ஸ் அருமை, ஆனால் உடம்பு பெரியது. பேட்டரி இல்லாவிட்டால் 1/500 நொடி வேகம் ஒன்றுதான் அடிக்கும். வாங்கும்போது ஃபிலிமை நகர்த்தும் லீவரை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளே ஒரு ரப்பர் துண்டு கரைந்துபோயிருக்கும், மீட்டர் சரியாக நடக்காது.

எக்ஸ்ஏ சட்டைப்பைக்குள் போகும். ஆனால் அதன் ஃபோகஸ் கட்டம் மிகச் சிறியது, பழைய கேமராக்களில் மங்கியும் போயிருக்கும். ஃபோகஸைத் தூரம் பார்த்து முன்பே வைத்துவிடும் பழக்கம் வந்தவருக்கு அது பொருந்தும்.

குன்னூரிலிருந்து: பெட்போர்டுல நின்னு எடுக்கறேன். அந்த மஞ்சள் கட்டத்துல ரெண்டு பிம்பமும் ஒண்ணு சேர்றதுக்குள்ள ஆள் போயிடறார். வேகமா ஃபோகஸ் பண்றது எப்படி?

ஆள் வந்த பிறகு ஃபோகஸ் செய்யாதீர்கள். முன்பே வைத்துவிட்டு நில்லுங்கள்.

40 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 3 மீட்டரில் நிறுத்தினால், சுமார் 2.1 மீட்டரிலிருந்து 5.4 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். அடி அளவுள்ள லென்ஸில் 10 என்ற எண். நெருங்கி எடுக்க 1.5 மீட்டரில் வைத்தால் தெளிவு 1.2 முதல் 1.9 வரைதான், அங்கே தவறுக்கு இடமில்லை. வெளிச்சம் குறைந்து எஃப் 4-க்கு வந்துவிட்டால், 3 மீட்டரில் வைத்தாலும் 2.5 முதல் 3.9 வரை சுருங்கிவிடும். அப்போது மட்டும் கட்டத்தைப் பாருங்கள்.

3 மீட்டரைக் கண்ணால் அளக்கப் பழக வேண்டும். நிதானமாக வைக்கும் நான்கு எட்டு ஏறத்தாழ 3 மீட்டர். வீட்டு வாசலில் ஒரு கல்லை வைத்து நான்கு எட்டு நடந்து, பிறகு கண்ணால் சொல்லி, டேப்பால் சரி பாருங்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும். குன்னூர் போன்ற சரிவில் ஒரு சங்கடம்: மேலே ஏறி வருபவர் படிக்கட்டில் உங்களுக்குக் கீழே இருக்கும்போது, தரையில் அளந்த தூரத்தைவிடக் கண்ணிலிருந்து அவர் முகத்துக்குள்ள தூரம் அதிகம். செங்குத்தான படிகளில் அரை மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஷட்டர் வேகம் நடப்பவருக்கு 1/250 நொடி. நின்று பேரம் பேசுபவருக்கு 1/60 போதும்.

ஃபோகஸ் நெம்புகோல் 3 மீட்டரில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். கேமராவைக் கண்ணருகே தூக்குவது ஒரே ஒரு முறை, படத்தின் சட்டகம் பார்க்க மட்டும். மூன்று தடவை தூக்கி இறக்கினால்தான் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஊட்டியிலிருந்து: சால்வைக்குள்ள கேமராவை வச்சு, இடுப்பு உயரத்துல இருந்து எடுத்தா யாருக்கும் தெரியாதே?

தெரியாமல் எடுப்பதற்குத்தான் ஆசை என்றால் வேறு யாரையாவது கேளுங்கள். உறுத்தாமல் எடுப்பதற்கு வழி சொல்கிறேன்.

சால்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் லென்ஸை ஒரே ஒரு ஆள் கவனித்தால் போதும், அந்தத் தெருவே உங்களைத் திருடனாகப் பார்க்கும். மறுமுறை அங்கே நிற்க முடியாது. கேமராவை நெஞ்சுக்கு மேலே, குட்டைப் பட்டியில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். மார்க்கெட்டில் ஒரே மூலையில் அரை மணி நேரம் நில்லுங்கள், டீ குடியுங்கள், பூண்டு விலை கேளுங்கள். பத்து நிமிடத்தில் கேமராவோடு நிற்பவர் அந்த இடத்துப் பொருளாகிவிடுவார். பிறகு தூக்கினாலும் யாரும் நடிக்க மாட்டார்கள். ரேஞ்ச்ஃபைண்டரின் வலிமையே இதுதான்: முகத்தை முழுக்க மறைக்காது, வலக் கண்ணால் வ்யூஃபைண்டரைப் பார்த்தால் இடக் கண் திறந்திருக்கும். எதிரே இருப்பவர் உங்கள் கண்ணைப் பார்க்கிறார். எடுத்ததும் ஒரு தலையசைப்பு. அவர் சிரித்தால் இன்னொன்று எடுங்கள். முகம் சுளித்தால் கேமராவைக் கீழே இறக்குங்கள்.

படத்துக்காகவும் சொல்கிறேன்: இடுப்பிலிருந்து எடுத்தால் தலை வெட்டுப்படும், கூரைகள் சாயும். சரிவான தெருவில் ஏற்கெனவே எல்லாமே சாய்ந்துதான் இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து: ஞாயித்துக்கிழமை சந்தையில ஒரு அம்மா ‘என் படத்தை அழிச்சிரு’ன்னாங்க. ஃபிலிம்ல அழிக்க முடியாதுன்னேன், நம்பல. என்ன செய்யறது சார்?

முதலில் வாதம் செய்யாதீர்கள். ‘அம்மா, இது பழைய ஃபிலிம் கேமரா, பின்னால திரை கிடையாது’ என்று பின்பக்கத்தைக் காட்டுங்கள். எத்தனையாவது படம் என்று காட்டும் கவுண்டரில் உள்ள எண்ணை அவர் எதிரிலேயே ஒரு தாளில் எழுதி, ‘இந்தப் படத்தைப் பிரிண்ட் போட மாட்டேன், யாருக்கும் காட்ட மாட்டேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள், கழுவியதும் நெகட்டிவில் அந்தப் படத்தை மட்டும் வெட்டி எறியுங்கள். பெரும்பாலும் இது போதும்.

அதற்கும் மனசு ஆறாவிட்டால், ரோலைப் பெட்டிக்குள் சுற்றாமல், அப்படியே பின் கதவை ஒரு நொடி திறந்து மூடுங்கள். எடுப்புச் சுருளில் வெளியே இருக்கும் கடைசிச் சில படங்கள் போகும். உள்ளே சுற்றிய முதல் படங்களில் பல ஓரம் கருத்துத் தப்பும். வெயிலில் திறந்தால் நிறைய போகும். அந்த அம்மாவின் நிம்மதியைவிட ஒரு ரோல் பெரிதில்லை.

கூடலூரிலிருந்து: கொழுந்து பறிக்கறவங்க, தொதவர் மந்து (அவங்க குடியிருப்பு), பள்ளிப் பிள்ளைங்க. இதுல எல்லாம் சட்டம் என்ன சொல்லுது?

பொது இடத்தில் படம் எடுக்கக் கூடாது என்று பொதுவான தடை இல்லை. ஆனால் குளிப்பது, உடை மாற்றுவது போன்ற, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு பெண் நம்பும் நிலையில் படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 77-ஆவது பிரிவின்படி குற்றம். வேண்டாம் என்ற பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 78-ஆவது பிரிவு. ஓடைக்கரை, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பின்புறம், குழாயடி இங்கெல்லாம் கேமரா பைக்குள் இருக்கட்டும். விளம்பரத்துக்கு முகத்தைப் பயன்படுத்துவதென்றால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

எஸ்டேட் தனியார் நிலம். முதலில் அலுவலகத்திலோ மேஸ்திரியிடமோ கேளுங்கள். பறிக்கும் நேரத்தில் நிறுத்திப் பேசாதீர்கள், எடைக் கணக்கில் அவர்கள் கூலி குறையும். கொழுந்தை எடை போடும் நேரம்தான் சிறந்தது: எல்லோரும் தராசைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இடுப்பில் கட்டும் சாக்குத் துணியான படங்கு அப்படியே இருக்கும், முகங்களில் நாள் முழுதும் தெரியும்.

மந்துக்குள் அழைப்பில்லாமல் போகக் கூடாது. கோயில் பக்கமே நெருங்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே வெளியாட்கள் தொதவர்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்தார்கள். ‘மாதிரி மனிதர்’ ஆக்கும் அந்தப் பார்வை இன்னும் போகவில்லை. ஊட்டி பஸ் ஸ்டாண்டில் பூத்துக்குளி (தொதவர்களின் பூவேலைச் சால்வை) போர்த்தி நிற்பவரும் உங்களைப் போல பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்தான், அப்படியே எடுங்கள்.

குழந்தை என்றால் கூட இருக்கும் பெரியவரிடம் கேட்ட பிறகே.

குன்னூரிலிருந்து: வெலிங்டன், அருவங்காடு பக்கம்?

ராணுவப் பகுதி, கார்டைட் தொழிற்சாலை. வாசல், வேலி, காவலர் எதையும் எடுக்காதீர்கள். கேமராவை மூடிக் கொண்டே கடந்து போங்கள்.

ஊட்டியிலிருந்து: மிஸ்ட் இறங்கினா படம் எல்லாம் சாம்பலா, முகம் கறுப்பா வருது. கட்டத்துல பிம்பமும் தெரிய மாட்டேங்குது.

இரண்டும் ஒரே காரணம். மிஸ்ட் தானே வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளையாக நிற்கிறது. மீட்டர் அதை நம்பி அப்பர்ச்சரைக் குறைத்துவிடும், ஆள் கறுத்துப்போவார். ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) கூட்டுங்கள். ஆட்டோ கேமராவில் 400 ஃபிலிமுக்கு ஐ.எஸ்.ஓ. (ஃபிலிமின் ஒளி உணரும் வேகம்) டயலை 200-இல் வைத்தால் வேலை முடிந்தது. மிஸ்ட் விலகியதும் திரும்ப 400-க்குக் கொண்டுவர மறக்காதீர்கள். இன்னொன்று: கேனனெட்டில் உள்ள சிடிஎஸ் மீட்டர் மெதுவானது. வெயிலிலிருந்து நேராக மார்க்கெட் தகரக் கூரைக்குள் போனால் சில நொடி பொறுத்துப் பாருங்கள்.

ஃபோகஸ் கட்டத்துக்குக் கறுப்பு வெள்ளை விளிம்பு வேண்டும், மிஸ்ட் அதைத் தின்றுவிடுகிறது. தூர அளவை மட்டும் நம்பி எடுங்கள். நல்ல வெயிலிலும் கட்டம் மங்கலாகவே இருந்தால், வ்யூஃபைண்டரின் முன் கண்ணாடி நடுவில் சின்னதாக ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டுங்கள். சுற்றுப்புறம் இருண்டு இரண்டாம் பிம்பம் பளிச்சென்று தெரியும். கட்டம் சரியாகச் சேர்கிறதா என்று பார்க்க, தெளிவான காலையில் தொட்டபெட்டா மாதிரி தொலைவு உச்சியைப் பாருங்கள். முடிவிலியில் இரண்டு பிம்பமும் ஒன்றாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள், நீங்களே திருகாதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து: கேனனெட்டுக்கு 625 மெர்குரி பேட்டரி கிடைக்கல. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டேன், படம் கொஞ்சம் இருட்டா வருது.

வரும். அந்த மீட்டருக்கு 1.35 வோல்ட் வேண்டும். அதிகம் கொடுத்தால் வெளிச்சம் கூடுதல் என்று நினைத்துவிடும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் பேட்டரி வாங்குங்கள். 1.4 வோல்ட், போதுமான அளவு பக்கம். விட்டம் சின்னது, சுற்றி ஒரு ரப்பர் வளையம் போடுங்கள். ஸ்டிக்கரை உரித்ததும் சில நிமிடம் காற்றில் வைத்துவிட்டு மாட்டுங்கள். உரித்த பிறகு ஒன்றிரண்டு மாதம்தான் ஆயுள். பையில் வைக்கும்போது அப்பர்ச்சர் வளையத்தை ‘ஏ’-இலிருந்து நகர்த்திவையுங்கள், மீட்டர் அணைந்துவிடும்.

கொடைக்கானலிலிருந்து: மழைக்காலத்துல லென்ஸ்ல வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை. தவிர்க்க?

தோல் உறையைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். அது ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். காற்றுப் புகாத 5 லிட்டர் டப்பாவில் கேமராவும் 100 கிராம் சிலிக்கா ஜெல்லும், கூட ஒரு சின்ன ஈரப்பத அளவி. 40 முதல் 50 சதவீதம் நல்லது, 60 தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஜெல் நிறம் மாறினால் அடி கனமான சட்டியில் குறைந்த தீயில் வறுத்து மீண்டும் போடலாம். அரிசியில் கேமராவைப் புதைக்காதீர்கள், மாவுத் தூசி உள்ளே போகும்.

குளிர்ந்த கேமராவோடு ஆவி பறக்கும் டீக்கடைக்குள் போனால் உள்ளே வேர்க்கும். வாசலிலேயே பைக்குள் போட்டு மூடி, கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். மழைக்கு உறை தேடும்போது நீலகிரியில் பிளாஸ்டிக் கேரி பைக்குத் தடை என்பதை நினைவில் வைத்து, மெழுகுத் துணிப் பை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டியிலிருந்து: அப்பா பெட்டியில ‘இந்து’ ஃபிலிம் ஒரு ரோல் இருக்கு. எடுக்கலாமா?

ஊட்டியில் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் பெயர் அது; ஆலை நின்று ஆண்டுகளாகிவிட்டன. இத்தனை வருடத்தில் மூட்டம் ஏறியிருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் ஃபிலிம் வேகத்திலிருந்து இரண்டு ஸ்டாப் கூட்டி வெளிச்சம் கொடுங்கள், கல்லையும் மரத்தையும் எடுத்துப் பாருங்கள். மறுபடி கிடைக்காத முகத்துக்கு அதை நம்பாதீர்கள். பெட்டியைப் பத்திரமாக வையுங்கள், அதுவே நம் ஊர்ச் சரித்திரம்.

ஊட்டியிலிருந்து: வீட்டிலேயே எச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவறேன். குழாய்த் தண்ணி பல்லு கூசும். நெகட்டிவ் மெலிசா வருது.

தண்ணீர் 12 டிகிரி இருக்கும். அந்தக் குளிரில் டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுயினோன் ஏறக்குறைய தூங்கிவிடும். நேரத்தைக் கூட்டி ஈடுகட்ட முடியாது. அகலமான வாளியில் வெந்நீர் கலந்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, டெவலப்பர், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் அதற்குள் நிறுத்துங்கள். ஐடி-11 டெவலப்பரைக் கூடுதல் தண்ணீர் கலக்காமல் போட்டால் 20 டிகிரியில் ஐ.எஸ்.ஓ. 400-க்கு 7½ நிமிடம், 800-க்கு 10½. கடைசியில் மட்டும் நேரடிக் குழாயைத் திறந்துவிடாதீர்கள். திடீர்க் குளிரில் ஜெலட்டின் சுருங்கி வெடிப்பு விழலாம்.

குன்னூரிலிருந்து: மூணு ரோல், முழுக்க வெறுமை. ஷட்டர் போச்சா?

லென்ஸ் மூடியைப் பாருங்கள். வ்யூஃபைண்டர் வேறு, லென்ஸ் வேறு. மூடி இருந்தாலும் காட்சி தெரியும். மூடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கேனனெட் என்றால் 48 மி.மீ. யூவி ஃபில்டர் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மூடி இல்லாமலே வெறுமை என்றால், அடுத்த ரோலில் லீவரைச் சுற்றும்போது இடப்பக்கம் உள்ள திரும்பு குமிழ் கூடச் சுழல்கிறதா பாருங்கள். சுழலாவிட்டால் ஃபிலிம் நகரவே இல்லை.

கொடைக்கானலிலிருந்து: எடுத்தவங்களுக்குப் பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுக்கலாமா சார்? தப்பா நினைப்பாங்களா?

கொடுங்கள். சந்தைக்காரர்கள் ஒரே கிழமையில், ஒரே இடத்தில்தான் கடை போடுவார்கள். 4-க்கு 6 அங்குலம் போதும், பின்னால் தேதி எழுதுங்கள். கூட்டமான பத்து மணிக்கு வேண்டாம். கடையைக் கட்டும் நேரத்தில் போங்கள், உட்கார்ந்து பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கும்.