புது ரிவால்வர் வெடிக்காமல் போனால் முதலில் என்ன செய்வது, தயாரித்த கம்பெனியின் உத்தரவாதம் கைகொடுக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவரின் தம்பி ஆயுதம் ஏந்தும் காவலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். பயிற்சியில் அவருக்குக் கொடுத்த புது ரிவால்வர் இரண்டு முறை ‘டிக்’ என்றதோடு நின்றுவிட்டது, தோட்டா வெடிக்கவில்லை. தோட்டா பழசு என்கிறார் மேலதிகாரி. தம்பிக்கோ துப்பாக்கி மேல்தான் சந்தேகம். தயாரித்த கம்பெனியிடம் போனால் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

எனக்கே இது நடந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். 17 வருடம் இடுப்பில் துப்பாக்கி கட்டி வேலை பார்த்தேன். பேங்கிலிருந்து நகைக்கடைக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் பணம் போகும் வேனில் முன் சீட்டு என் இடம். ஊரில் இதற்கு ஜாகா வேலை என்றுதான் பெயர். லயத்து வீட்டில் வளர்ந்த எனக்குத் துப்பாக்கி சாதாரணப் பொருள் இல்லை. 1948 ஜூன் 16-ல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகளைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. பட்டாசு வெடித்தால்கூட என் பாட்டி கதவைச் சாத்திவிட்டுத்தான் யார் வீட்டில் விசேஷம் என்று கேட்பார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். துப்பாக்கியைத் தொடுகிறவனுக்கு அது கொஞ்சம் இருக்கவேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2014-ல் எங்கள் நிறுவனம் பாயிண்ட் 38 ரிவால்வர் ஆறு வாங்கியது. எல்லாம் புதுசு, ஓர் அமெரிக்கக் கம்பெனியின் தயாரிப்பு. வருடாந்தரச் சுடும் சோதனைக்குப் போனோம். முதல் இரண்டு தோட்டா வெடித்தன. மூன்றாவதற்கு விசையை இழுத்தேன். சுத்தியல் விழுந்த சத்தம் மட்டும்தான் கேட்டது. கை தானாகத் துப்பாக்கியை முகத்துக்கு நேரே கொண்டுவரப் பார்த்தது. எல்லோருக்கும் அப்படித்தான் வரும், என்ன ஆச்சு என்று பார்க்கத் தோன்றும். பின்னால் நின்ற சார்ஜன், அதாவது சார்ஜெண்ட், போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. “துங்கு! ஜாங்கான் புக்கா!” மலாயில் பொறு, திறக்காதே என்று அர்த்தம்.

குழாய் மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க, விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு 30 வினாடி நின்றேன். அவர் வாய்விட்டு எண்ணினார். காரணம் இதுதான். சில நேரம் தோட்டாவுக்குள் வெடிமருந்து உடனே பற்றாமல் தாமதித்துப் பற்றும். பிஸ்டலில் அப்படி ஆனால் தோட்டா குழாய்க்கு நேராகவே இருப்பதால் குண்டு முன்பக்கமாகவே போகும். ரிவால்வரில் அவசரப்பட்டு மறுபடி விசையை இழுத்தால் தோட்டாக்களை அடைத்த சுழல் உருளை ஓர் அறை நகர்ந்துவிடும். தாமதித்துப் பற்றுகிற தோட்டா அப்போது குழாய்க்கு நேரே இருக்காது, பக்கத்தில் நிற்கும். அங்கே வெடித்தால் குண்டு போக வழி இல்லை. கையில் இருக்கிற இரும்புதான் சிதறும். தம்பியிடம் இதை முதலில் சொல்லுங்கள். ‘டிக்’ என்றால் இன்னொரு முறை இழுத்துப் பார்க்கக்கூடாது.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. அதில் துப்பாக்கி வெடித்துவிடும், ஆனால் வழக்கமான ‘டமால்’ இருக்காது, ‘பொத்’ என்று ஒரு மந்தமான சத்தம் வரும், கையில் உதைப்பும் குறைவாக இருக்கும். உள்ளே மருந்து இல்லாமலோ குறைவாகவோ இருந்திருக்கும். குண்டு குழாயிலேயே சிக்கி நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பின்னால் வரும் குண்டு அதில் மோதிக் குழாய் வீங்கும், வெடிக்கவும் செய்யும். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்குச் சுடுவது முடிந்தது. 30 வினாடி பொறுத்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். தம்பிக்குப் பிஸ்டல் கொடுத்தால் இன்னொன்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பொறுத்த பிறகு முதலில் தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றவேண்டும், அப்புறம்தான் மேல்பக்கத்து ஸ்லைடை இழுக்கவேண்டும். வரிசை மாறினால் வெளியே விழுந்த தோட்டாவுக்குப் பதில் இன்னொன்று உள்ளே ஏறிவிடும்.

அன்று எனக்கு ஆறில் இரண்டு வெடிக்கவில்லை. சார்ஜன் அவற்றை ஒரு துணியில் வைத்து, வெடித்த வெற்றுக் கூடுகளையும் பக்கத்தில் அடுக்கினார். தோட்டாவின் அடியில் நடுவே ஒரு சின்ன வட்டம் இருக்கும், நாங்கள் அதைக் கேப் என்போம். ஊசி வந்து அடிப்பது அதைத்தான். வெடித்த நான்கிலும் ஈர மண்ணில் சுண்டுவிரலை ஊன்றியதுபோல் நல்ல குழி இருந்தது. வெடிக்காத இரண்டிலும் நகம் பட்ட தடம் போல லேசான பள்ளம்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்கே தெரிந்தது. பிறகு அவர் அந்த இரண்டையும் என் கூட்டாளியின் ரிவால்வரில் போட்டார். இரண்டும் முதல் அடியிலேயே வெடித்தன. அதே பெட்டித் தோட்டா அவனுடைய துப்பாக்கியில் வெடிக்கிறது, என்னுடையதில் வெடிக்கவில்லை. அப்படியானால் கோளாறு பெரும்பாலும் என் துப்பாக்கியில்தான்.

உங்கள் தம்பியின் மேலதிகாரி தோட்டா பழசு என்பது பொய்யாக இருக்கவேண்டும் என்றில்லை. நம் ஊர் புழுக்கத்தில் ஒரே ஆறு தோட்டாவை வருடக்கணக்கில் தோல் உறையில் சுமந்தால் பித்தளையில் பச்சை பூத்துவிடும். துரு பிடிக்கக்கூடாது என்று மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு அடிக்கிற எண்ணெயைத் துப்பாக்கி முழுக்கத் தெளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணெய் கேப்புக்குள் இறங்கினால் மருந்து செத்துப்போகும். ஆனால் வாயால் சொல்லித் தீர்க்கிற விஷயம் இல்லை இது. பள்ளத்தைப் பாருங்கள். ஆழமாகக் குழி விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் தோட்டாதான் காரணம். பள்ளம் லேசாக இருந்தால் துப்பாக்கியைச் சந்தேகப்படுங்கள்.

எங்கள் ரிவால்வர், சுத்தியலைத் தள்ளும் ஸ்பிரிங்காகத் தகட்டு வில் வைத்த வகை. பிடியின் முன்பக்கத்தில், கீழே, ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அந்த வில்லை அழுத்திப் பிடிப்பது அதுதான். அது தளர்ந்தாலோ நீளம் குறைந்தாலோ சுத்தியலின் அடியில் பலம் இருக்காது. விசை மெத்தென்று இருக்கவேண்டும் என்று சிலர் வேண்டுமென்றே அதைத் தளர்த்துவார்கள். இதைத் தெரிந்த ஒரு கூட்டாளி, “அண்ணே, ஒரு திருகு போதும், எடுங்க” என்று ஸ்குரூ டிரைவரோடு வந்தான். நல்ல மனசில்தான் வந்தான். நான் விடவில்லை. நாங்கள் தொட்டிருந்தால், நீங்கள் மாற்றியதால்தான் கெட்டது என்று ஒரு வரி எழுதக் கம்பெனிக்குக் காரணம் கிடைத்திருக்கும்.

தொடாமலே அந்த வரியை எழுதினார்கள். ஈப்போவில் எங்களுக்கு விற்ற டீலர் மூலமாகக் கேட்டோம். மூன்று வாரம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது. துப்பாக்கி தொழிற்சாலையில் சோதித்து அனுப்பப்பட்டது, தோட்டாவோ பயன்படுத்தியவர் செய்த மாற்றமோ காரணமாக இருக்கலாம், வேண்டுமானால் தொழிற்சாலைக்கு அனுப்பி வையுங்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அந்தத் துப்பாக்கியோடு நான் வேனில் உட்கார்ந்திருந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன். வழிப்பறிக்காரன் முன்னால் அந்த மூன்றாவது தோட்டா என் முறையாக வந்திருந்தால்? வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

அமெரிக்காவுக்கு அனுப்பு என்பது அங்கே இருப்பவனுக்குச் சுலபம். இங்கே 1960-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க, விற்க, பழுதுபார்க்க, நாட்டுக்குள் கொண்டுவர, வெளியே அனுப்ப, ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி கையில் இருந்தால் 1971-ம் ஆண்டுச் சட்டத்தில் 14 வருடம் வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. வெடிக்காத தோட்டாவை ஆதாரம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகவும் கூடாது. தோட்டாவும் கணக்கில் உள்ள பொருள். அதனால் தம்பி எதையும் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம். படம் எடுக்கட்டும், கிடங்குப் புத்தகத்தில் எழுதவைக்கட்டும், பொருள் கிடங்கிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது கடிதத்தை நானே உட்கார்ந்து எழுதி நிறுவனத்திடம் கொடுத்தேன். துப்பாக்கியின் வரிசை எண், வாங்கிய தேதி, தோட்டாவின் பெயர், பெட்டியில் அச்சிட்ட தொகுப்பு எண், எத்தனை சுட்டு எத்தனை வெடிக்கவில்லை, லேசான பள்ளமும் ஆழமான குழியும் பக்கத்துப் பக்கத்தில் தெரிகிற படம், அதே இரண்டு தோட்டா இன்னொரு ரிவால்வரில் வெடித்தது, அதைப் பார்த்த சார்ஜனின் கையொப்பம், பிடியை யாரும் கழற்றவில்லை என்ற உறுதி. இவ்வளவுதான், ஒரு பக்கம். கோபத்தை அதில் ஒரு சொல்கூட எழுதவில்லை. 12 நாளில் பதில் வந்தது, தொனியே மாறியிருந்தது. புது வில்லும் திருகாணியும் டீலருக்கு இலவசமாக அனுப்பினார்கள். மற்ற ஐந்தையும் சோதிக்கச் சொன்னார்கள். லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவர் பிடியைக் கழற்றியபோது என் துப்பாக்கியின் திருகாணி மற்றவற்றைவிடக் குட்டையாக இருந்தது, பக்கத்தில் வைத்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். மாற்றுவதற்கான கூலி, சோதனைத் தோட்டா, ஈப்போவுக்குப் போய்வந்த செலவு எல்லாம் எங்கள் நிறுவனத்தின் தலையில்தான். கம்பெனி அதில் ஒரு ரிங்கிட்கூடத் தரவில்லை.

உத்தரவாதம் என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், பலர் அதில் ஏமாந்துபோகிறார்கள். அமெரிக்காவில் 1975-ம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தில் உத்தரவாதம் கொடுத்தால் அது முழுமையானதா, வரம்புக்கு உட்பட்டதா என்று பெயரிட்டே கொடுக்கவேண்டும். ஆனால் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரூகர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி எழுத்தில் உத்தரவாதமே தராது, அதைத் தன் கையேட்டிலேயே சொல்லிவிடுகிறது. ஆனாலும் பழுதைச் சரிசெய்து கொடுப்பதில் அதற்கு நல்ல பெயர். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிடப் பழுது வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதுதான் பெரிது. அங்கே நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் துப்பாக்கி மேல் அதிகாரம் கிடையாது. அதனால் அந்த ஆணையம் ஒரு கம்பெனியைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்பப் பெறு என்று உத்தரவிட முடியாது, கம்பெனிதான் தானாக முன்வரவேண்டும். 2017 ஆகஸ்டில் சிக் சாவர் என்ற துப்பாக்கிக் கம்பெனி தன் பி320 பிஸ்டலுக்கு இலவசமாக மாற்றம் செய்து தருவதாக அறிவித்தது அப்படித்தான். கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடும் என்று தெரியவந்த பிறகு நடந்தது அது.

நம் நாட்டில் 1999-ம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று நினைக்கலாம். அது சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வழக்கமாக வாங்கும் பொருளுக்கானது. பாதுகாப்பு நிறுவனம் தொழிலுக்கு வாங்கிய ரிவால்வருக்கு அந்த வழி உதவாது. விற்ற டீலரோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தம்தான் பிடிமானம். தம்பியின் நிறுவனத்திடம் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணக் காவலரான தம்பி நேரே கம்பெனிக்கு எழுதினால் பதில் வராது. வாங்கியவர் பெயரில், டீலர் வழியாகத்தான் போகவேண்டும்.

அப்புறம் ஒன்று. சந்தேகத்தில் இருக்கிற துப்பாக்கியோடு அவர் பணிக்குப் போகக்கூடாது. வேலை போய்விடுமோ என்று பயந்து பேசாமல் இருப்பார், புதுசாகச் சேர்ந்தவர் அல்லவா. நீங்கள்தான் அவருக்குத் தைரியம் சொல்லவேண்டும். எழுத்தில் கொடுத்துவிட்டு வேறு துப்பாக்கி கேட்கட்டும், இல்லையென்றால் துப்பாக்கி இல்லாத இடத்தில் பணி கேட்கட்டும். நான் நான்கு மாதம் ஒரு பேங்கு வாசலில் பம்ப் ஷாட்கன்னோடு நின்றேன். ரிவால்வர் திரும்பி வந்ததும் அதே சார்ஜன் முன்னால் 50 தோட்டா சுட்டேன். ஒவ்வொரு வெற்றுக் கூட்டின் அடியையும் அவர் திருப்பிப் பார்த்தார். ஐம்பதிலும் குழி ஆழமாக இருந்தது. புத்தகத்தில் கையொப்பம் போட்டுவிட்டு, “சுடா போலே பாக்காய்” என்றார். இனிமேல் பயன்படுத்தலாம் என்று. அடுத்த திங்கட்கிழமை நான் வேனில் ஏறினேன்.