வியாழன் நசுங்கித் தெரிந்தால் தொலைநோக்கியில் கோளாறா?

கேள்வி: 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் (எளிய தாங்கியில் நிற்கும் கண்ணாடித் தொலைநோக்கி) வியாழனைப் படமெடுத்தேன். முழு வட்டமாக இல்லை, மேலும் கீழும் அமுக்கிவிட்டதுபோல் இருக்கிறது. கண்ணாடியில் குறையா? வாயுக்கோள் என்பதால் அப்படித்தான் இருக்குமா?

பதில்: வியாழனே அப்படித்தான். நடுக்கோட்டில் அதன் ஆரம் 71,492 கி.மீ., துருவத்தில் 66,854 கி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 6.5 விழுக்காடு. வியாழன் நமக்கு அருகில் வரும் காலத்தில் அதன் வட்டு 45 முதல் 50 ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) அகலம் தெரியும். துருவத் திசையில் அதில் 3 ஆர்க் செகண்ட் குறைகிறது. 6 அங்குலக் கண்ணாடி 1 ஆர்க் செகண்டுக்கும் குறைவான விவரத்தைப் பிரித்துக் காட்டும் என்பதால், 100 மடங்கு உருப்பெருக்கத்திலேயே கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

ஆனால் ‘வாயு என்பதால்’ என்ற காரணம் சரியல்ல. சூரியனும் வாயுதான், ஆனால் அது கிட்டத்தட்ட கச்சிதமான உருண்டை. ஒரு சுற்றுக்குச் சுமார் 25 நாள் எடுத்துக்கொள்வதே காரணம். பாறையாலான பூமியோ 298-இல் ஒரு பங்கு தட்டையாக இருக்கிறது. தட்டைத்தன்மையைத் தீர்மானிப்பது சுழற்சிக்கும் ஈர்ப்புக்கும் உள்ள விகிதம். வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதன் நடுக்கோட்டில் சுழற்சி வெளிப்பக்கம் தள்ளும் மையவிலக்கு முடுக்கம் நொடிக்கு நொடி 2.2 மீட்டர்; அங்குள்ள ஈர்ப்பில் இது சுமார் 9 விழுக்காடு. பூமியில் இதே பங்கு 0.35 விழுக்காடுதான்.

விகிதம் எப்படி வடிவமாகிறது என்பதை நியூட்டன் 1687-இல் விளக்கிய முறையே இன்றும் எளிது. துருவத்திலிருந்து மையம் வரை ஒரு குழாய், நடுக்கோட்டிலிருந்து மையம் வரை இன்னொன்று. இரண்டிலும் திரவம் நிரம்பி மையத்தில் இணைகின்றன என்று வையுங்கள். சுழற்சியால் நடுக்கோட்டுக் குழாயில் உள்ள திரவத்தின் எடை குறைகிறது. இரு பக்க அழுத்தமும் சமமாக வேண்டுமானால் அந்தக் குழாய் நீளமாக இருந்தாக வேண்டும். பொருள் வெளியே பிய்த்துக்கொண்டு போவதில்லை. சமநிலை தேடி நடுவில் உயர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. வியாழன் மையம் முதல் மேற்பரப்பு வரை ஒரே அடர்த்தியாக இருந்தால், இந்தச் சுழற்சிக்கு அது சுமார் 11 விழுக்காடு தட்டையாகியிருக்கும். நிறை முழுவதும் மையத்தில் ஒரு புள்ளியில் திரண்டிருந்தால் 4.5 விழுக்காடுதான். உண்மையான 6.5 இரண்டுக்கும் இடையில் விழுகிறது. நிறை மையத்தை நோக்கி எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதை வெளிவடிவத்தை வைத்தே சொல்லிவிடலாம்! சனிக்கு இதே இரு எல்லைகள் சுமார் 20 விழுக்காடு, 8 விழுக்காடு. அளந்த மதிப்பு 9.8. ஆகவே சனியின் நிறை இன்னும் அதிகமாக உள்ளே திரண்டிருக்கிறது.

இனி உங்கள் படத்துக்கு வருவோம். முதலில் வியாழனின் மேகப் பட்டைகளைப் பாருங்கள். அவை நடுக்கோட்டுக்கு இணையானவை. வட்டின் நீளமான அச்சும் பட்டைகளின் திசையிலேயே இருந்தால் அது கோளின் வடிவம். கேமராவை 90 பாகை திருப்பி மீண்டும் எடுங்கள். நீட்சி பட்டைகளோடு சேர்ந்து திரும்பினால் கவலை இல்லை. கேமராச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றால் பிக்சல் விகிதத்திலோ வீடியோ மாற்றத்திலோ பிழை. கண்ணாடியைச் சோதிக்க ஒரு விண்மீனைக் குவியத்துக்குச் சற்று முன்னும் பின்னும் கொண்டுபோங்கள். இரண்டிலும் நீள்வட்டம் தெரிந்து, அதன் திசை ஒன்றுக்கொன்று செங்குத்தாக மாறினால் ஆஸ்டிக்மாட்டிசம் (வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாத குறை) இருக்கிறது. கண்வில்லையைச் சுழற்றும்போது அந்தத் திசையும் கூடவே சுழன்றால் பழுது கண்வில்லையில். முதன்மைக் கண்ணாடியில் அல்ல.

அளக்க விரும்பினால், நீளமான அச்சு 300 பிக்சல் வந்த படத்தில் குறுகிய அச்சு ஏறக்குறைய 280 வர வேண்டும். விளிம்பு படிப்படியாக மங்குவதால், இரு அச்சிலும் ஒரே வெளிச்ச அளவை எல்லையாக வையுங்கள். இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வியாழன் தொடுவானிலிருந்து 30 பாகைக்குக் கீழே இருக்கும்போது காற்று நிறங்களைப் பிரித்து வட்டைச் செங்குத்தாக இழுத்துவிடும். அப்போது படத்தின் பச்சை நிறப் பதிவை (பச்சைச் சேனல்) மட்டும் பிரித்து அளக்கலாம். சூரியனுக்கு நேரெதிரில் இல்லாத மாதங்களில் ஒரு பக்கம் லேசாக நிழல் விழுந்து நடுக்கோட்டு அகலம் 1 விழுக்காடு வரை குறையும். தட்டைத்தன்மையும் குறைவாகவே கிடைக்கும். சனியிலோ சாய்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வளையங்கள் நன்றாக விரிந்து தெரியும் ஆண்டுகளில் அதன் துருவம் நம் பக்கம் சாய்ந்திருப்பதால் 9.8 விழுக்காடு என்பது 7.7 வரை இறங்கித் தெரியும்.