அது காப்பியா?

கேள்வி: பட்டினத்தார், குறுந்தொகை, கம்பன்னு பழைய பாட்டை எடுத்து மெட்டுக்குள்ள போட்டுட்டார், இதுல கண்ணதாசனோட சொந்த சரக்கு என்ன இருக்கு? 'அண்ணன் என்னடா தம்பி என்னடா' மட்டும் கூடப் பிறந்தவர் பணம் தரலைங்கிற கோபத்துல எழுதினதுன்னு சொல்றாங்களே, அது நிஜமா?

பதில்: காப்பின்னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு பாட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு தடவையாவது படிச்சீங்களா? படிச்சிருந்தா இந்தக் கேள்வி வந்திருக்காது. பட்டினத்தார் என்ன சொல்றார்னா, சேர்த்த பொருள் வீட்டோட சரி, கண்ணீர் விடற மனைவி வீதியோட சரி, தலையில கை வச்சு அழற பிள்ளை சுடுகாட்டோட சரி, அதுக்கப்புறம் கூட வர்றது "இருவினைப் புண்ணிய பாவமுமே". அதாவது கேள்வியும் அவரே, பதிலும் அவரே. 1962ல 'பாத காணிக்கை' படத்துக்கு கண்ணதாசன் அதையே எடுத்து "வீடு வரை உறவு, வீதி வரை மனைவி, காடு வரை பிள்ளை"ன்னு கொண்டு வந்துட்டு, நாலாவது அடியில பட்டினத்தார் கொடுத்த பதிலை அப்படியே தூக்கி வெளிய போட்டுட்டு "கடைசி வரை யாரோ?"ன்னு கேட்டு விட்டுட்டார் பாருங்க, அங்கதான் அது அவர் பாட்டு. புண்ணிய பாவம் கூட வரும்னு நம்பறவனுக்கு ஒரு பிடிப்பு இருக்கு, யாரோன்னு நிக்கறவனுக்கு எதுவுமே இல்ல. பட்டினத்தார் 'வரைக்கும்'ங்கற அர்த்தத்துல போட்ட 'மட்டே' போய் 'வரை' வந்ததால எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் அது நேராப் போய்ச் சேர்ந்துச்சு, இன்னிக்கும் எழவு வீட்ல அந்தப் பாட்டு ஓடுது.

'இதயக்கமலம்' (1965) பாட்டையும் பாருங்க. "தோள் கண்டார் தோளே கண்டார்"னு கம்பன் சொன்னது வீதியில ராமனைப் பார்த்த பெண்களைப் பத்தி, கண்ணு பட்ட இடத்துலயே நின்னு போச்சு, வேற எதையும் பார்க்க முடியலன்னு. கண்ணதாசன் 'கண்டார்'ங்கறதை 'கண்டேன்'னு ஆக்கி ஆம்பளை வாயில கொடுத்தார், பாக்கறவங்க யாரு, பாக்கப்படறவங்க யாருங்கறதே தலைகீழா மாறிடுச்சு. குறுந்தொகையில ஒரு காதலன், என் அம்மாவும் உன் அம்மாவும் யாரோ, என் அப்பாவும் உன் அப்பாவும் யாரோ, ஆனா செம்மண்ல விழுந்த மழைத்தண்ணி மாதிரி நம்ம மனசு கலந்துடுச்சுன்னு சொல்வான். கண்ணதாசனோட 'நேற்று வரை நீ யாரோ நான் யாரோ'வுல அந்த அம்மாவும் இல்ல அப்பாவும் இல்ல, செம்மண்ல விழுந்த மழைத்தண்ணி கூட இல்ல, ரெண்டு பேர் மட்டும்தான் நிக்கறாங்க. எதை விடணும்னு தெரியறதுக்கு முழுசையும் மனசுல வச்சிருக்கணுங்க. எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவர் அவர், மத்ததெல்லாம் தானா தேடித் தேடிப் படிச்சது. உட்கார்ந்து எழுதி அடிச்சுத் திருத்தற பழக்கமும் கிடையாது, அவர் வாயால சொல்லச் சொல்ல பஞ்சு அருணாசலம் மாதிரி உதவியாளர்கள் எழுதிக்குவாங்க. உள்ள ஊறிக் கிடக்காத வரி அந்த வேகத்துல வராது.

அடுத்தது பணம் தராத கதை. நானும் அதை நூறு தடவை கேட்டிருக்கேன், ஒவ்வொருத்தர் ஒவ்வொரு விதமா சொல்வாங்க. அந்தக் கதை இல்லாமலே பாட்டு நிக்குது, ஏன்னா 'பழனி' படத்துல கூடப் பிறந்தவங்க கைவிட்ட ஒரு விவசாயி பாடற இடம் அது, அவனுக்கு வேற என்ன வரி எழுத முடியும்? சொந்த வலி அதுக்குள்ள போயிருக்காதுன்னு நான் சொல்லல, கண்டிப்பா போயிருக்கும், சின்ன வயசுலயே சுவீகாரம் போன பிள்ளைக்கு உறவுன்னா என்னன்னு ஒருத்தர் வந்து சொல்லித் தரணுமா என்ன? ஆனா ஒரு நாள் கோபத்துக்கு ஒரு பாட்டுன்னு கணக்குப் போடறது எனக்குப் பிடிக்கல. அவர் ஞாபகங்கள்தான் வேணும்னா அவரே 'வனவாசம்' எழுதி வச்சிருக்கார், தன் தப்பையெல்லாம் ஒளிக்காம சொன்ன புஸ்தகம். அதைப் படிங்க, மேடையில சொல்ற கதையை விடுங்க. படிச்சுட்டு ராத்திரி தனியா உட்கார்ந்து 'வீடு வரை உறவு' கேளுங்க, டி.எம்.எஸ். அந்த 'யாரோ'வுக்கு வரும்போது உங்களுக்கு என்ன தோணுதுன்னு எனக்கு எழுதுங்க.