மிஸ்டர் என்றால் டாக்டர் இல்லையா?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மாப்பிள்ளைக்கு முழங்காலில் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் சர்ஜன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இல்லை, வெறும் மிஸ்டர். படிக்காத ஆளோ என்று பயமாக இருக்கிறதே? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: பயம் வேண்டாம். அதைவிட முக்கியம், 'லண்டனிலும் போலி டாக்டர்' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டாம். இங்கிலாந்தில் சர்ஜனுக்கு மிஸ்டர்தான் மரியாதை. மருத்துவப் படிப்பை முடித்ததும் எல்லோரையும் போல அவரும் டாக்டர்தான். அப்புறம் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் தேர்வில் தேறியதும் அந்த டாக்டரைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி மிஸ்டர் ஆகிறார், அதுவும் பெருமையாக.

அந்தக் காலத்தில் அங்கே டாக்டர் என்றால் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, நோயாளியைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுக்கிறவர். கத்தியைத் தொடுவது அவர் கௌரவத்துக்குக் குறைச்சல். அறுப்பதும் தைப்பதும் ஒரு குருவிடம் வருஷக்கணக்கில் கூடவே இருந்து தொழில் கற்றவர்களின் வேலை, பட்டம் கிடையாது, ஆகவே வெறும் மிஸ்டர். 1540-ல் எட்டாம் ஹென்றி ராஜா காலத்தில் லண்டன் முடிதிருத்துகிறவர்களையும் சர்ஜன்களையும் ஒரே சங்கமாகச் சேர்த்தார்கள், இருநூறு வருஷம் ஒன்றாக இருந்துவிட்டு 1745-ல்தான் பிரிந்தார்கள். 1800-ல் லண்டனில் ராயல் காலேஜ் வந்தது. பிற்பாடு சர்ஜன்களும் முறையாகப் பட்டம் படித்துவிட்டு வந்தார்கள், ஆனாலும் ஒரு காலத்தில் தங்களை மட்டம் தட்டிய அந்த மிஸ்டரை விடவில்லை, அதையே விருதாக்கிக்கொண்டார்கள். எனக்கு இந்த வீம்பு பிடித்திருக்கிறது!

மிஸ்டரும் ஆதியில் அப்படியொன்றும் மலிவானதில்லை. மாஸ்டர் என்பதுதான் வாயில் தேய்ந்து மிஸ்டர் ஆனது. அந்தஸ்து உள்ளவர்களுக்கு மட்டும் இருந்தது மெல்ல மெல்ல எல்லோருக்கும் ஆனது. அதற்கு ஒரு படி மேலே எஸ்கொயர், பெயருக்குப் பின்னால் வருவது, பழைய அர்த்தம் வீரனுக்குக் கேடயம் தூக்குகிறவன். அமெரிக்காவில் அதை வக்கீல்கள் எடுத்துக்கொண்டார்கள், பெண் வக்கீல்களும் போட்டுக்கொள்கிறார்கள். நம் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துச் சென்னை மாகாண அரசாங்கத் தாள்களைப் பாருங்கள்: துரைக்கு எஸ்கொயர், நம்மவருக்கு முன்னால் மகாராஜராஜஸ்ரீ, பின்னால் அவர்கள். மகாராஜாவுக்கு உட்கார நாற்காலி கொடுத்தார்களா என்பது வேறு விஷயம்.

சர் பட்டம் வாங்கிய சர்ஜன்களும் உண்டு. இதயம் மாற்றுவதில் பேர்போன மக்தி யாகூபை சர் மக்தி என்றுதான் சொல்ல வேண்டும், சர் யாகூப் என்று குடும்பப் பெயரோடு சேர்த்தால் தப்பு.

சரி, உங்கள் மாப்பிள்ளை பதில் எழுதுவதாக இருந்தால் டியர் மிஸ்டர் போட்டுக் குடும்பப் பெயரை எழுதட்டும், போதும். கூடவே பின்னால் எஸ்கொயரையும் சேர்க்க வேண்டாம், இரண்டில் ஒன்றுதான் போடலாம். சர்ஜன் பெண்ணாக இருந்தால் கடிதத்தில் மிஸ் என்றோ மிசஸ் என்றோ இருக்கும், எது இருக்கிறதோ அதையே எழுதச் சொல்லுங்கள்.