சம்பாதிக்காத பிள்ளைக்கு ரோத் கணக்கா?

அமெரிக்க வரிக்கணக்கின் கடைசி நாளான ஏப்ரல் 15 நெருங்கினால் போதும், பிள்ளைகளின் ரோத் ஐ.ஆர்.ஏ. (வரி கட்டிய பணத்தைப் போட்டு, ஓய்வுக்காலத்தில் வளர்ச்சியோடு வரியின்றி எடுக்கும் சேமிப்புக் கணக்கு) பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். பாதிக் கடிதங்களில் பிள்ளையின் வயது இல்லை. முக்கால்வாசியில், பிள்ளை எதில் எவ்வளவு சம்பாதித்தது என்ற விவரமே இல்லை. இவை இரண்டும் தெரியாமல் பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். இனி எழுதுகிறவர்கள் இரண்டையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

என் மகளுக்கு மூன்று மாதம். இப்போதே ரோத் கணக்கு திறந்தால் அறுபது வயதில் கோடீஸ்வரி ஆகிவிடுவாள் என்கிறார் நண்பர். எவ்வளவு போடலாம்?

பூஜ்யம். உழைத்துச் சம்பாதித்த வருமானம் இல்லையென்றால் ரோத் இல்லை. தாத்தா அனுப்பிய பிறந்தநாள் பணமும் வங்கி வட்டியும் இந்தக் கணக்கில் சேராது. குழந்தை ஏதாவது விளம்பரத்தில் நடித்துச் சம்பளம் வாங்கியிருந்தால் மறுபடி எழுதுங்கள்.

மகனுக்கு வயது 16. கோடையில் நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு வேலை பார்த்து 3,200 டாலர் வாங்கினான். ஒரு டாலர் மிச்சம் வைக்கவில்லை. இனி அந்த ஆண்டுக்கு எதுவும் போட முடியாதுதானே?

வயதும் தொகையும் எழுதிய உங்களுக்கு முதலில் நன்றி. தாராளமாகப் போடலாம். அவன் வாங்கிய அதே பணம்தான் கணக்கில் விழ வேண்டும் என்று சட்டம் இல்லை. நீங்கள் போடலாம், தாத்தா பாட்டி போடலாம். எல்லோரும் போடுவது சேர்ந்து 3,200ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். அவன் எவ்வளவுதான் சம்பாதித்திருந்தாலும் உச்சவரம்பு 2025க்கு 7,000 டாலர், 2026க்கு 7,500. பார்க்க வேண்டியது டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவத்தின் முதல் கட்டத்தில் உள்ள தொகையை, பிடித்தம் போகக் கைக்கு வந்ததை அல்ல. 2025க்கான பணத்தை 2026 ஏப்ரல் 15 வரை போடலாம். போடும்போது எந்த ஆண்டுக்கு என்று குறிப்பிடுங்கள். இதைத் தவறவிட்டு வருகிறவர்கள் எனக்கு வருடம் தவறாமல் கிடைக்கிறார்கள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து மூன்று லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிறோம். எங்களால் ரோத்தில் நேரடியாகப் போட முடியாது. மகள் பெயரில் போடலாமா?

வருமான வரம்பு கணக்கின் சொந்தக்காரருக்கு, அவருடைய அப்பாவுக்கு அல்ல. உங்கள் மகளும் அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் எனக்கு ஒரு வேலை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

பாத்திரம் கழுவ, துணி மடிக்க, தம்பியைப் பார்த்துக்கொள்ள என்று என் 12 வயது மகளுக்கு மாதம் 580 டாலர் சம்பளம் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000 ஆகிறது. அதை அப்படியே ரோத்தில் போடலாம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். சரிதானே?

சரியில்லை. போன வருடமும் இதையேதான் எழுதினேன், அதற்கு முந்தைய வருடமும். சொந்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவுவதற்குப் பெயர் வீட்டு வேலை. அதற்கு நீங்கள் கொடுப்பது கைச்செலவுக் காசு. அதைச் சம்பளம் என்று எழுதிவிட்டால் மட்டும் வருமானம் ஆகிவிடாது. வருமானம் இல்லாமல் போட்ட பணம் முழுவதும் வரம்பு மீறிய தொகை. வெளியே எடுக்கும்வரை ஒவ்வோர் ஆண்டும் 6 சதவீத அபராதம். 7,000க்கு வருடம் 420 டாலர்.

உங்களுக்குச் சொந்தத் தொழில் இருந்தால் கதை வேறு. தனி உரிமையாளராகத் தொழில் நடத்துகிறீர்கள், பிள்ளை அதில் நிஜமாகவே வேலை செய்கிறது, வெளியாள் ஒருவருக்கு அதே வேலைக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே கொடுக்கிறீர்கள் என்றால், அது முறையான சம்பளம். பதினெட்டு வயதுக்குட்பட்ட சொந்தப் பிள்ளைக்கு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகூட இல்லை. தொழிலைக் கார்ப்பரேஷனாகப் பதிந்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது. எப்படியிருந்தாலும் டபிள்யூ-2 கொடுங்கள். சம்பளத்தைப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். வேலை செய்த நேரத்தை அன்றன்றைக்கு எழுதி வையுங்கள்.

அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு தந்தை தன் மகனின் வேலைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து பெருமையோடு என் மேஜைமேல் வைத்தார். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே நீல மை, ஒரே சாய்வு எழுத்து, ஒரு அடித்தல் திருத்தம் இல்லை. பையன் பள்ளிச் சுற்றுலா போயிருந்த வாரத்திலும் தினம் இரண்டு மணி நேரம் கிடங்கில் பெட்டி அடுக்கியிருக்கிறான். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்குமுன் யாரும் புரட்டியதில்லை. எனக்கே ஐந்து நிமிடத்தில் தெரிந்தது ஐ.ஆர்.எஸ். என்ற வரித்துறையின் அதிகாரிக்குத் தெரியாதா? இதில் ரோத் அபராதம்கூடச் சின்ன விஷயம். நடக்காத வேலைக்குச் சம்பளம் காட்டித் தன் தொழில் வருமானத்தையும் அவர் குறைத்திருந்தார். அதற்குப் பெயர் பொய்க் கணக்கு. அவருடைய வரிக்கணக்கில் நான் கையெழுத்துப் போடவில்லை. கோபித்துக்கொண்டு போனவர் இன்றுவரை பேசுவதில்லை.

மகளுக்கு 14 வயது. தெருவில் நான்கு வீட்டு நாய்களை நடத்திச் சென்று வருடத்தில் 900 டாலர் சேர்த்திருக்கிறாள். எல்லாம் ரொக்கம், ரசீது இல்லை.

இது அசல் வருமானம். ஆனால் சுயதொழிலில் நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டால் வரிக்கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும். வருமான வரி வராது. சுயதொழில் வரி சுமார் 130 டாலர் வரும். அதைக் கட்டத் தயங்கிக்கொண்டு ரோத் மட்டும் வேண்டும் என்று கேட்காதீர்கள். ரசீது இல்லாவிட்டால் தேதி, வீடு, தொகை மூன்றையும் மகளையே எழுதச் சொல்லுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் நல்லது.

நாங்கள் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். மகளுக்கு வயது 15, எங்களைச் சார்ந்தவளாக ஹெச்-4 விசாவில் இருக்கிறாள். பக்கத்து வீட்டுச் சிறுவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கிறாள். ரோத் திறக்கலாமா?

ரோத்தை விடுங்கள் அம்மா, டியூஷனை நிறுத்துங்கள். ஹெச்-4இல் இருக்கும் பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. வேலை அனுமதி அட்டை சில மனைவி, கணவர்களுக்கு மட்டும்தான். ஓய்வூதியச் சேமிப்புக்கு ஆசைப்பட்டு கிரீன் கார்டுக்குச் சிக்கல் வரவழைத்துக்கொள்ளாதீர்கள். இதுவரை வாங்கியதற்கு என்ன செய்வது என்று ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் நேரில் கேளுங்கள், கடிதத்தில் வேண்டாம்.

கணக்கு திறந்து மூன்று வருடம் ஆகிறது. 4,000 டாலர் போட்டோம். இன்றும் ஏறக்குறைய அதே 4,000தான். ஏமாற்றப்பட்டோமா?

யாரும் ஏமாற்றவில்லை. அரிசியைக் களைந்து பானையில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்திருக்கிறீர்கள். பணம் ரொக்கமாகவே கிடக்கிறது. உள்ளே போய்ச் செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்ட் (பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் நிதி) ஒன்றை வாங்குங்கள். பதினைந்து வயதில் போட்ட 1,000 டாலர் ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் அறுபத்தைந்தில் சுமார் 30,000 ஆகும். வாங்காமல் விட்டால் 1,000 ஆகவே நிற்கும்.

18 வயதானதும் மகன் எல்லாவற்றையும் எடுத்துக் கார் வாங்கிவிட்டால்?

வாங்குவான். பணம் அவனுடையது. மாநிலத்தைப் பொறுத்து 18 அல்லது 21 வயதில் கணக்கு அவன் கைக்குப் போய்விடும். போட்ட முதலை எப்போது வேண்டுமானாலும் வரியின்றி எடுக்கலாம். அதன் வளர்ச்சியை 59½ வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக வரியும் 10 சதவீத அபராதமும் உண்டு. இதை அவனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் மிச்சமாகும் பணத்தை ரோத்துக்கு மாற்றலாமாமே?

மாற்றலாம். 529 திறந்து 15 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். வாழ்நாள் வரம்பு 35,000 டாலர். ஆண்டு வரம்பும் உண்டு. கடைசி ஐந்து ஆண்டுகளில் போட்டதைத் தொட முடியாது. மாற்றும் ஆண்டில் பிள்ளைக்கு, மறுபடியும் சொல்கிறேன், உழைத்த வருமானம் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கென்று புதிதாக வந்திருக்கும் ட்ரம்ப் சேமிப்புக் கணக்கும் ரோத்தும் ஒன்றா?

இல்லை. அதற்குப் பிள்ளை சம்பாதிக்க வேண்டாம். 2026 ஜூலை 4 முதல் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை போடலாம். 2025 முதல் 2028 முடிய பிறக்கும் அமெரிக்கக் குடியுரிமைக் குழந்தைகளுக்கு அரசு 1,000 டாலர் தருகிறது. ஆனால் வளர்ச்சியை எடுக்கும்போது வரி உண்டு, ரோத் மாதிரி இல்லை. மேலே எழுதிய மூன்று மாதக் குழந்தையின் பெற்றோர் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சார், அவசரம். ரோத் திறக்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் பதில் போதும்.

வயது?